படகு இயந்திரத்தைத் தூக்கும் எண்ணெய்

மலாக்கா நீரிணையின் இக்கரை பெரும்பாலும் சேற்றுக் கரை. கிள்ளான் துறைமுகத்தைச் சூழ்ந்த கடலில், பெரிய ஓதம் வரும் நாள்களில், நீர் ஏறி நிற்கும் மட்டத்துக்கும் இறங்கி நிற்கும் மட்டத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகலில் நண்டு ஊர்வதைப் பூலாவ் கெத்தாமில் காணலாம். அத்தீவின் பெயரே நண்டுத் தீவு என்று பொருள்படுவது. இத்தகைய கரையில் படகு செலுத்துவோருக்கு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நீர் குறையும் இடத்தில் அதனைத் தூக்கவும், ஆழம் வந்ததும் இறக்கவும் இயலவேண்டும். தூக்க இயலாத இயந்திரத்தின் விசிறி சேற்றில் புதையும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் புகுகின்ற துளைகள் அடைபடும். படகு அடுத்த ஓதம் வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கும். இறக்க இயலாத இயந்திரமோ வெறும் பாரம். மீன்பிடித்துப் பிழைப்பவருக்கு இரண்டும் ஒரு நாள் வருவாயின் இழப்பாகும்.

படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் இவ்வியந்திரத்தை மக்கள் அவுட்போர்டு என்றே வழங்குகின்றனர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது. அதனைச் சாய்த்துத் தூக்க ஒருவர் கையே போதும். (அவர் பெயரைத் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.) இன்று 150 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆடும் படகில் நின்றுகொண்டு அதனைக் கையால் தூக்குதல் ஆகாத செயல். ஆதலின் அவ்வேலையை ஒரு பொத்தானிடமும், அதற்குப் பின்னே பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுகூட வராத எண்ணெயிடமும் ஒப்படைத்திருக்கின்றனர்.

அவ்வெண்ணெய் செய்யும் வேலை இருவகைப்படும். படகு விரைந்து ஓடும்போது இயந்திரத்தைச் சில பாகை அளவு முன்னும் பின்னும் சாய்த்துப் படகின் முகப்பைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் ஒன்று. இதனை டிரிம் என்பர். இயந்திரத்தை நீரைவிட்டு முழுமையாகத் தூக்குவது மற்றொன்று, இது டில்ட். முன்னதைச் சாய்வுத் திருத்தம் என்றும், பின்னதைத் தூக்கல் என்றும் தமிழில் கூறலாம்.

இவ்வமைப்பு முழுவதையும் ஹைட்ராலிக் என்று அழைக்கின்றனர். அச்சொல்லின் வேர், கிரேக்க மொழியில் நீரையும் குழலையும் குறிக்கும் இரு சொற்கள். அதைக் கொண்டு தமிழில் 'நீரியல்' என்று எழுதுவாரும் உளர். வேருக்கு அது பொருந்தும், பொருளுக்குப் பொருந்தாது. உள்ளே இருப்பது எண்ணெய். நீர் புகுந்தால் அதுவே பழுது. 'நீர்ம அழுத்தம்' என்பதே தக்க சொல். நீர்மம் என்பது நீர், எண்ணெய், பாதரசம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவானதன்றோ? பட்டறையில் ஹைட்ராலிக் என்னும் சொல் வேரூன்றிவிட்டது. அதனோடு மல்லுக்கு நிற்பது வீண். வகுப்பறையிலாவது மாணவர் மயங்காதிருத்தல் வேண்டும்.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்னும் விதி பாஸ்கல் கண்டது. அவர் 1662இல் மறைந்தார். நீர்மங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. கரும்பலகையில் சிறிதும் பெரிதுமாக இரண்டு உருளைகளை வரைந்து, அம்புக்குறி இட்டு, கணக்கு ஒன்று போட்டதும் பள்ளியில் இப்பாடம் முடிந்துவிடுகிறது. அதே கணக்கைப் படகில் போட்டுப் பார்க்கலாம். 5 செ.மீ. விட்டமுள்ள உருளையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 70 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் இருக்குமாயின், அதன் தண்டு ஏறத்தாழ 1,370 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் தள்ளும். 200 கிலோ இயந்திரத்துக்கு அவ்வளவு எதற்கு என்று மாணவர் கேட்பர், கேட்கவேண்டும். உருளை, இயந்திரம் மடங்குகின்ற கீலுக்கு மிக அருகில் நின்று தள்ளுகிறது. இயந்திரத்தின் எடையோ கீலிலிருந்து தள்ளி நிற்கிறது. நெம்புகோல் பாடம் அறிந்தவருக்கு விடை எளிது.

விதி கிடைத்தும், அதைக் கொண்டு பெரும் பளுவைத் தள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா நீர்ம அழுத்த இயந்திரத்துக்கு 1795இல் காப்புரிமை பெற்றார். அதில் பெருந்தடையாக நின்றது ஒரு சிறு இடைவெளி. அழுத்தம் ஏறியதும் தண்டின் ஓரமாக நீர் பீறிட்டது. கசியாதபடி இறுக்கிக் கட்டினாலோ தண்டு திரும்பி இறங்க மறுத்தது. பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லி கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம் ஒன்றை அமைத்து அதனைத் தீர்த்தார் என்பர். உள்ளே அழுத்தம் ஏற ஏற, அவ்வழுத்தமே வளையத்தின் உதட்டை விரித்துத் தண்டோடு சேர்த்து அழுத்தும். அழுத்தம் நீங்கினால் பிடியும் தளரும். கசிவைத் தடுக்கும் வேலையைக் கசியத் துடிக்கும் நீர்மத்திடமே கொடுத்த நுட்பம் இது. இன்று அவுட்போர்டின் உருளைக்குள் இருக்கும் ரப்பர் உதட்டு வளையம் அத்தோல் வளையத்தின் வழிவந்ததே. இதன் பழுதைத் திருத்த முற்படுவோர் இயந்திரத்தின் பருமனைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நோய் பெரும்பாலும் இவ்வளையம் போன்ற சிறு பொருளிலேயே இருக்கும்.

உறுப்புகள் சிலவே. இரு பக்கமும் சுழலவல்ல 12 வோல்ட்டு மின்மோட்டார் ஒன்று, அதனால் சுழலும் பற்சக்கரப் பம்பு ஒன்று, சிறு எண்ணெய்த் தொட்டி, வால்வுகள், உருளைகள். மோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் எண்ணெய் பிஸ்டனுக்குக் கீழுள்ள அறைக்குச் செல்லும், இயந்திரம் எழும். மறுபக்கம் சுழன்றால் மேலறைக்குச் செல்லும், இயந்திரம் தாழும். பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் மின்சாரம் நின்றுவிடுகிறது. ஆயினும் இயந்திரம் விழுவதில்லை. அதனைத் தாங்கி நிற்பது ஒருவழி வால்வுக்குப் பின்னே சிறைப்பட்ட எண்ணெய். இவ்வுண்மையை மனத்தில் இருத்தினால் பழுது காண்பதில் பாதி முடிந்தது. இவற்றோடு, தண்டு எல்லையைத் தொட்ட பின்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் காப்பு வால்வுகளும், மின்சாரம் இல்லாதபோது கையால் தூக்குவதற்காக எண்ணெயைத் திறந்துவிடும் ஒரு திருகும் உண்டு. அத்திருகு, பின்பலகையைப் பிடித்திருக்கும் பிடியின் பக்கத்துளை வழியாகத் திருப்புளிக்கு எட்டும்படி அமைந்திருக்கும்.

சில பெரிய இயந்திரங்களில் தண்டுகள் மூன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டைத் தண்டுகள் சாய்வுத் திருத்தத்துக்கு உரியவை. அவை இயந்திரத்தின் பிடியைத் தொட்டுத் தள்ளுமேயன்றி அதனோடு பிணைக்கப்பட்டிருப்பதில்லை. நடுவிலுள்ள நீண்ட தண்டு மூன்றாவது. தொடக்கத்தில் மூன்றும் சேர்ந்து தள்ளுவதால் விசை மிகுதி, வேகம் குறைவு. குட்டைத் தண்டுகள் எல்லையை எட்டி நின்றதும், பம்பு தரும் எண்ணெய் முழுவதும் நடுத்தண்டுக்கே செல்ல, இயந்திரம் விரைந்து எழுகிறது. பாதி வழியில் வேகம் மாறுவதைக் கண்டு பழுதென்று அஞ்சுவோர் உண்டு. அது பழுதன்று, பரப்புக் குறைந்தால் விசை குறையும், வேகம் கூடும் என்னும் பாடம் கண்ணெதிரே நிகழ்கிறது.

நடு உருளைக்குள் இன்னும் ஒரு நுட்பம் உள்ளது. மழைக்காலத்தில் மலேசிய ஆறுகளில் மரக்கட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதந்து வருவது வழக்கம். ஓடும் படகின் இயந்திரம் கட்டையில் மோதினால் அது மேல்நோக்கித் தெறித்தாக வேண்டும். இல்லையேல் பின்பலகையே பிளந்துபோகும். எண்ணெயோ சிறைப்பட்டு இறுகி நிற்கிறது. என் செய்வது? பிஸ்டனுக்குள்ளேயே சுருள்வில் தாங்கிய சிறு குண்டுகளை வைத்திருக்கின்றனர். மோதலின்போது மேலறையில் அழுத்தம் திடீரென ஏற, குண்டுகள் விலகி வழிவிட, எண்ணெய் பிஸ்டனைக் கடந்து கீழே பாய்கிறது. தண்டு மேலே செல்கிறது. பிஸ்டனுக்குக் கீழே, தண்டோடு சேராத மற்றொரு தட்டு மட்டும் தன் இடத்திலேயே நிற்கும். கட்டை கடந்தபின் இயந்திரம் தன் எடையால் மெல்ல இறங்கி அத்தட்டின்மேல் அமர்கிறது. மோதுமுன் இருந்த சாய்வு எதுவோ அதுவே மீண்டும் கிடைக்கிறது. இதனை 'நினைவுத் தட்டு' என்று பட்டறையார் கூறுவது பொருத்தமான பெயரே.

இனிப் பழுதுக்கு வருவோம் எனில், முதலில் வரவேண்டியது கைக்குக் காவல். தூக்கி நிற்கும் இயந்திரத்தின் கீழே வேலை செய்வதற்கு முன் அதன் தாங்குபிடியை மாட்டவேண்டும். அதையும் நம்பாமல் கனத்த மரக்கட்டையோ பாரந்தூக்கிச் சங்கிலியோ கொடுக்கவேண்டும். தாங்கல் இல்லாத நேரத்தில் மேற்சொன்ன திருகைத் தளர்த்தினால் 200 கிலோ இரும்பும் அலுமினியமும் இறங்கும். இடையில் விரல் இருந்தால் அது போயிற்று. உருளையைக் கழற்றுவோர் திருகைத் திறந்து அழுத்தத்தை நீக்கிய பிறகே கழற்றவேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது.

அடுத்தது காது. பொத்தானை அழுத்தும்போது ஒலியே இல்லையெனில் குற்றம் எண்ணெயில் இல்லை. பேட்டரி, பியூஸ், உப்புப் பூத்த இணைப்புகள் ஆகியவற்றை அம்முறையே பார்க்கவேண்டும். 'டிக்' என்னும் ஒலி மட்டும் வந்தால் ரிலே வேலை செய்ய முயல்கிறது என்று பொருள். மின்சாரம் அதைக் கடந்து செல்கிறதா என்பதை வோல்ட்டுமானி காட்டும். இயந்திரம் தாழ்கிறது, எழ மறுக்கிறது என்றால், இரு ரிலேக்களும் ஒரே வகையாக உள்ளவற்றில் அவற்றை இடம் மாற்றிப் பார்க்கலாம். இப்போது எழுகிறது, தாழ மறுக்கிறது எனின் குற்றவாளி அகப்பட்டான். மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பிகள் பல இயந்திரங்களில் நீலமும் பச்சையுமாக இருக்கும். நீலம் எழுப்ப, பச்சை தாழ்த்த. அவற்றைக் கழற்றிப் பேட்டரியோடு நேரே இணைத்தால் மோட்டாரின் நிலை தெரிந்துவிடும். கழற்றாமல் இணைப்பது பெரும் பிழை. ஓய்விலுள்ள ரிலே கம்பியை எதிர்முனையோடு சேர்த்துவைத்திருப்பதால் கம்பி கருகிவிடும். பெட்ரோல் ஆவி தங்கிய இடத்தில் இச்சோதனை கூடவே கூடாது. மோட்டாரே பழுதென்று தெரிந்தால், அதன் மூடியைத் திறந்ததும் பெரும்பாலும் காணப்படுவது துருப்பொடியும் தேய்ந்த கரித்துண்டுகளுமே. நீர் புகுந்த வழியை அடைக்காமல் புதிய மோட்டார் மாட்டுவது காசைக் கடலில் போடுவதாகும்.

மோட்டார் இரைகிறது, இயந்திரம் அசையவில்லை. அல்லது பாதிவரை எழுந்து நின்றுவிடுகிறது. இங்கேதான் பலர் முழு அமைப்பையும் மாற்றத் துணிகின்றனர். அதன் விலை எளியோர் தாங்கத்தக்கதன்று. முதலில் கைத்திருகு இறுக மூடியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். முன்பு யாரோ திறந்துவிட்டு மூட மறந்திருப்பர். அடுத்து எண்ணெயின் அளவு. இதனை இயந்திரம் முழுமையாகத் தூக்கப்பட்டு, தாங்குபிடி மாட்டப்பட்ட நிலையிலேயே பார்க்கவேண்டும். தண்டுகள் வெளியே நீண்டிருக்கும்போது உருளைகள் மிகுதியான எண்ணெயைக் கொள்வதால் தொட்டியில் மட்டம் மிகக் குறைவாக இருக்கும். செய்தவர் குறித்த அளவும் அந்நிலைக்கே உரியது. இயந்திரம் தாழ்ந்திருக்கும்போது மூடியைத் திறந்தால் எண்ணெய் முகத்தில் பீறிடவும் கூடும்.

எந்த எண்ணெயை ஊற்றுவது? செய்தவர் கையேடு சொல்வதையே ஊற்றவேண்டும். தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிக்குரிய எண்ணெயைச் சிலர் விதிக்கின்றனர். தமக்கெனத் தனி எண்ணெயைச் சிலர் விற்கின்றனர். காரின் பிரேக் எண்ணெயை மட்டும் ஒருபோதும் ஊற்றலாகாது. இரண்டும் ஹைட்ராலிக் எண்ணெய்தானே என்னும் எண்ணம் தவறு. சாதாரண பிரேக் எண்ணெய் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. இவ்வமைப்பின் வளையங்களோ கனிம எண்ணெயைத் தாங்குவதற்கென்று செய்த நைட்ரைல் ரப்பர். ஒன்றோடொன்று சேராது, வளையங்கள் ஊதிக் கெடும். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்வதன் கேட்டுக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அவசரம் கூடாது. காற்று கலந்த நுரையும் வெளுக்கும், நீர் கலந்ததும் வெளுக்கும். சில மணி நேரம் அசையாமல் விட்டால் நுரை தெளிந்துவிடும். நீர் கலந்தது எளிதில் தெளியாது. நீரெனில் தண்டின் வெளிவாயிலுள்ள துடைப்பு வளையம் தேய்ந்து கடல்நீர் உள்ளே போயிற்று என்று அறிக. எண்ணெய் முழுவதையும் வடித்து மாற்றுவதோடு வளையத்தையும் மாற்றவேண்டும்.

இயந்திரம் நன்றாக எழுகிறது. ஆனால் ஓரிரவில் தானே சாய்ந்து இறங்கிவிடுகிறது. இது மிகுதியாகக் காணப்படும் பழுது. சிறைக்கதவு எங்கோ சரியாக மூடவில்லை என்பதே பொருள். வெளியே கசிவு உண்டா என்று தண்டின் வாயையும், படகைச் சுற்றியுள்ள நீரில் வண்ணப்படலம் மிதக்கிறதா என்பதையும் நோக்கவேண்டும். வெளியே கசிவு இல்லையெனில் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே வழிமாறுகிறது. கைத்திருகின் சிறு ஓ வளையங்கள் கிழிந்திருக்கலாம். மாற்றச் சில காசே ஆகும், ஆதலின் அதுவே முதற்படி. ஒருவழி வால்வின் இருக்கையில் ஒரு மணல் துகள் தங்கியிருக்கலாம். பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றிச் சில முறை ஏற்றி இறக்கினால் அது கழுவப்பட்டுப் போவதும் உண்டு. இவ்விரண்டாலும் தீராவிட்டாலே பிஸ்டன் வளையத்தையும், அதிலுள்ள குண்டுகளையும் ஐயுறவேண்டும். இதற்கு மாறாக, நிற்கும்போது இறங்காமல், பின்னோக்கி ஓட்டும்போது மட்டும் இயந்திரம் மேலே எழும்புமானால் குற்றம் எதிர்ப்பக்க அறையில் உள்ளது. பின்னோக்கி ஓட்டுகையில் விசிறியின் இழுப்பு இயந்திரத்தை வெளியே தூக்கப் பார்க்கும். அதனைப் பிடித்து நிறுத்துவது மேலறை எண்ணெயே.

உருளையைத் திறப்பது கடைசி வழி. அதன் வாய்மூடியில் இரு துளைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் ஊசிமுனை ஸ்பேனரே வேண்டும். உளியால் தட்டித் திருப்புவோர் துளையைக் கெடுப்பதே மிகுதி. உப்பு அரித்து இறுகிய மூடிக்கு ஊடுருவும் எண்ணெய் இட்டு ஓரிரவு பொறுத்தல் நன்று. வெளிவந்த தண்டை நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பள்ளம் நகத்தில் தட்டினால் அத்தண்டுக்குப் புதிய வளையம் இடுவதில் பயனில்லை. சில நாளில் அதுவும் அறுந்துபோகும். பழைய வளையத்தை எடுக்க மூங்கில் குச்சி போதும். திருப்புளி முனை வளையம் அமரும் பள்ளத்தைக் கீறிவிடும். புதிய வளையத்தை அதே எண்ணெயில் தோய்த்து, உதடு அழுத்தம் வரும் பக்கத்தை நோக்கும்படி இடவேண்டும். மாட்ஸ்லியின் கிண்ணத்தை நினைத்தால் திசை மறக்காது. துடைப்பதற்குப் பஞ்சுக்கழிவு ஆகாது; அதன் ஓர் இழை போதும் வால்வைத் திறந்தே வைக்க.

எல்லாம் பூட்டியபின் உள்ளே காற்று இருக்கும். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும், அதனால் இயந்திரம் பஞ்சுபோல் தொய்ந்து ஆடும். எண்ணெய் நிரப்பி, ஐந்தாறு முறை முழுமையாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் சற்று ஓய்வு கொடுத்து, தூக்கிய நிலையில் குறைந்ததை நிரப்பிவந்தால் காற்றுக் குமிழிகள் தொட்டியில் வெளியேறிவிடும். பிறகு இயந்திரத்தைத் தூக்கி, தாங்குபிடியை மாட்டாமல், விழுந்தால் தாங்குவதற்கு ஒரு சாண் இடைவெளியில் மரக்கட்டையை வைத்து, அடிமுனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு ஓரிரவு விடவேண்டும். கட்டையின் கீழ் யாரும் போகாதபடி பார்த்துக்கொள்க. விடிந்தபின் அளவு மாறாதிருந்தால் வால்வும் வளையமும் தம் வேலையைச் செய்கின்றன. கடலுக்குப் போய் வந்த படகில், தூக்கிய தண்டை இறக்குமுன் ஒரு வாளி நன்னீர் ஊற்றிக் கழுவுவது வழக்கமாக வேண்டும். தண்டில் உலர்ந்த உப்பும், ஒட்டிய சிறு சிப்பியும் அதனோடு உள்ளே இழுக்கப்படும்போதே துடைப்பு வளையத்தின் உதடு அறுபடத் தொடங்குகிறது.